கைசர் கட்டாத நகரம்

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஓலசுண்ட் நகருக்குக் கோடைகாலத்தில் பெரிய உல்லாசப் பயணக் கப்பல்கள் வருகின்றன. காலையில் கரையிறங்குபவர்கள் பெரும்பாலும் மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தச் சில மணித்தியாலங்களில் அவர்கள் செய்வது இரண்டே காரியங்கள். அக்ஸ்லா என்ற குன்றின் 418 படிகளில் ஏறி, கீழே விரிந்து கிடக்கும் நகரத்தைப் படம் பிடிப்பது முதலாவது. தீயில் அழிந்த இந்த நகரத்தை ஜேர்மன் சக்கரவர்த்தி கைசர் வில்ஹெல்ம் மீண்டும் கட்டிக்கொடுத்தார் என்ற கதையைக் கேட்டு நம்பிக்கொண்டு போவது இரண்டாவது.

முதலாவதில் எனக்குப் பிணக்கு எதுவுமில்லை. படிகளில் ஏறக்கூடியவர்கள் ஏறத்தான் வேண்டும். எனது ஆட்சேபம் இரண்டாவதைப் பற்றியது. அந்தக் கதை உண்மையில் பாதி கூட இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த நகரத்தின் வீதிகளில் நடப்பவர், பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே போய்விடுகிறார் என்பது எனது கருத்து.

ஒஸ்லோவிலோ பேர்கனிலோ உள்ள உறவினர் வீடுகளுக்குக் கோடை விடுமுறையில் வந்துபோகும் எம்மவர்கள் இப்போது ஏராளம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறார்கள். கலியாண வீடு, பிறந்தநாள் விழா முடிந்ததும் இரண்டு நாட்கள் எங்கேயாவது போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஓலசுண்ட் நல்ல தெரிவு. ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். புகையிரதம் இந்த நகருக்கு இல்லை. ஒன்டல்ஸ்னெஸ் வரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். நேரமிருப்பவர்கள் அப்படியே வரலாம். ரவ்மா பள்ளத்தாக்கின் ஊடாகச் செல்லும் அந்த இருப்புப்பாதைக்காகவே பலர் வருகிறார்கள். கரையோரமாக ஊர் ஊராகத் தரித்துச் செல்லும் கப்பலிலும் வரலாம்.

நகரம் ஒரு நிலத்துண்டில் இல்லை. தீவுகளின் மேல் பரந்து கிடக்கிறது. தீவுகளுக்கிடையில் புரூசுண்டெ என்ற ஒடுங்கிய நீரிணை ஊரின் நடுவாகவே செல்கிறது. 1848 இல் நகர அந்தஸ்துப் பெற்ற இந்த ஊரில், 1904 ஆம் ஆண்டு தொடங்கியபோது ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்தார்கள். மீனும் மீன்சார்ந்த தொழில்களுமே வாழ்க்கை. வீடுகள் அநேகமாக எல்லாமே மரத்தால் ஆனவை. ஒன்றோடொன்று நெருங்கி நின்றவை.

1904 ஜனவரி 23 ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியளவில், நகரின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு தகர உணவுத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. மாடு ஒன்று விளக்கை உதைத்து விழுத்தியதால் வந்த தீ என்றொரு கதை இன்றும் உலவுகிறது. தீ விபத்துக்கெல்லாம் ஒரு மாட்டைப் பிடித்து நிறுத்துவது உலக வழக்கம் போலும். தென்மேற்கிலிருந்து கடும் புயல் வீசிக்கொண்டிருந்தது. தீப்பொறிகள் கூரைக்குக் கூரை தாவின. அன்று மாலைக்குள் ஏறத்தாழ 850 வீடுகள் சாம்பலாகின. எஞ்சியவை சுமார் 230. ஏறத்தாழ 10,000 பேர் நடுமாரியில் வீடற்றவரானார்கள். இவ்வளவு பெரிய அழிவில் உயிரிழந்தவர் ஒரேயொருவர். வெளியே வந்த பின்னர், மறந்துவிட்ட பணப்பையை எடுப்பதற்காகத் திரும்பி உள்ளே போன வயோதிப மாது அவர்.

கைசர் வில்ஹெல்ம் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார். 1889 முதல் ஒவ்வொரு கோடையிலும் தமது உல்லாசக் கப்பலில் நோர்வேயின் கரையோரமாகப் பயணம் செய்வது அவருடைய வழக்கம். இந்தப் பகுதியை அவர் நன்கு அறிவார். தீவிபத்துச் செய்தி கிடைத்ததும் உணவு, மருந்து, போர்வை, தற்காலிகக் கூடாரங்களுக்கான பொருட்கள் ஆகியவற்றுடன் கப்பல்களை அனுப்பிவைத்தார். அவை விரைவாக வந்து சேர்ந்தன. பனிக்காலத்தில் கூரையின்றி நின்ற மக்களுக்கு அது பேருதவி. அதனைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நகரமும் நன்றி மறக்கவில்லை. ஒரு முக்கிய வீதிக்கு அவருடைய பெயரை இட்டது. ஒரு நினைவுக்கல்லும் உண்டு. 1909 இல் திறக்கப்பட்ட தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் சில அவர் அன்பளிப்பாகக் கொடுத்தவை.

ஆனால் உதவிக் கப்பல் அனுப்புவது வேறு, நகரம் கட்டுவது வேறு.

நகரத்தைக் கட்டியவர்கள் யார்? அந்த நாட்களில் நோர்வேயில் வேலையில்லாமல் அலைந்த இளம் கட்டடக்கலைஞர்கள் பலர் இருந்தார்கள். 1899 இல் தலைநகர் கிறிஸ்தியானியாவில் - இன்றைய ஒஸ்லோவில் - கட்டட வியாபாரம் ஊதிப் பெருத்து வெடித்துச் சரிந்தது. அதன் பின் சில வருடங்களுக்கு அங்கே புதிய கட்டடம் எழும்புவது அரிதாயிற்று. படித்த படிப்புக்கு வேலையில்லை. அப்போதுதான் ஒரு நகரம் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை வந்தது. அந்த இளைஞர்கள் ஓலசுண்டுக்கு வந்தார்கள். மேசன்மார், தச்சர், கல்லுடைப்போர், கூலியாட்கள் வந்தார்கள். பணத்தில் பெரும் பங்கு தீக்காப்புறுதி இழப்பீடாக வந்தது. நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நன்கொடைகளும் கிடைத்தன. 1907 அளவில் நகரின் மையம் மீண்டும் எழுந்து நின்றது. மூன்று, மூன்றரை வருடங்கள். இன்றைய இயந்திரங்கள் எதுவுமில்லாமல் நடந்த வேலை இது.

அந்த இளைஞர்களில் பலர் நோர்வேக்கு வெளியே, குறிப்பாக ஜேர்மனியில் கல்வி கற்றவர்கள். ஆகவே அக்காலத்தில் ஐரோப்பாவின் புதுப்பாணியாக இருந்ததைக் கையோடு கொண்டுவந்தார்கள். பிரான்சில் ஆர்ட் நூவோ என்றும் ஜேர்மனியில் யூகன்ட்ஸ்டீல் என்றும் பெயர்பெற்ற பாணி அது. மியூனிக் நகரில் வெளிவந்த 'யூகன்ட்' என்ற சஞ்சிகையின் பெயரிலிருந்து வந்தது. அதன் பொருள் இளமை. ஜேர்மன் பெயரையும் கைசரின் கப்பலையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதனால்தான் 'கைசர் கட்டிய நகரம்' என்ற கதை இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதோ என நான் நினைப்பதுண்டு.

இன்னொரு காரணமும் உண்டு. அது எனது தொழிலைச் சார்ந்தது. பத்திரிகைக்கு ஓர் அரசன் வேண்டும். வேலையில்லாத ஐம்பது இளைஞர்கள் தலைப்புச் செய்தியாக மாட்டார்கள். 'சக்கரவர்த்தியின் கப்பல்கள் வந்தன' என்பது தலைப்பு. 'மேசன்மார் வந்தனர்' என்பது தலைப்பல்ல. இந்தத் தொழிலில் முப்பது வருடங்கள் இருந்தவனுக்கு இது புதிதல்ல. சுற்றுலாக் கையேடு எழுதுபவர்களும் இதே வழியில் போவதுதான் வருத்தம்.

கதையின் மறுபக்கத்தைப் பெரும்பாலும் சொல்வதில்லை. 36 வருடங்களின் பின், 1940 ஏப்ரலில், ஜேர்மன் விமானங்கள் இதே கரையில் அயலிலுள்ள மொல்ட, கிறிஸ்தியான்சுண்ட் ஆகிய இரு நகரங்களின் மையங்களைக் குண்டுவீசி எரித்தன. அவையும் மரவீடுகள் நிறைந்த நகரங்கள். பின்னர் அவை போர்க்காலச் சிக்கனத்துக்கேற்ற எளிய பாணியில் கட்டப்பட்டன. ஓலசுண்டும் மொல்டவும் பார்ப்பதற்கு ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்று கேட்பவர்களுக்கு, அவை எரிந்த ஆண்டுகளே விடை. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஓலசுண்ட் 'சின்ன இலண்டன்' எனப் பெயர்பெற்றது. இங்கிருந்து மீன்பிடிப் படகுகளில் ஷெட்லண்ட் தீவுகளுக்கு இரகசியமாக ஆட்களும் செய்திகளும் போய்வந்தமையே அதற்குக் காரணம். கைசரின் பெயரிட்ட வீதி அப்போதும் அங்கேதான் இருந்தது.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது?

குன்றில் ஏறுவதற்கு முன் அப்போத்தேக்கர் வீதிக்குப் போங்கள். அங்கே அன்னப் பெயர் கொண்ட ஒரு பழைய மருந்துக்கடைக் கட்டடம் இருக்கிறது. ஹாக்பார்ட் ஷுட்ட-பேர்க் என்ற கட்டடக்கலைஞர் வரைந்தது. 1907 இல் முடிந்தது. 2003 முதல் அது யூகன்ட்ஸ்டீல் நிலையமாக இயங்குகிறது. உள்ளே பழைய மருந்துக்கடையின் மர அலுமாரிகளும் மேல்மாடியில் வீட்டுக்காரரின் உணவறையும் அக்காலத்தில் இருந்தபடியே பேணப்பட்டுள்ளன. தீ விபத்தையும் மீள்கட்டுமானத்தையும் விளக்கும் காட்சியும் உண்டு. அந்தப் படிக்கட்டையும் கைப்பிடிகளையும் ஆறுதலாகப் பாருங்கள். கைப்பிடி வளைவது கொடி வளைவது போலிருக்கும். ஒரு மருந்துக்கடைக்காரருக்கு, முந்திய வருடங்களில் சகலதையும் தீயில் இழந்த ஊரில், இத்தனை அலங்காரம் எதற்கு என்ற கேள்வி எனக்கு எழுந்தது. தகரக் கொட்டிலோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. பக்கத்திலேயே பழைய மத்திய வங்கிக் கட்டடத்தில் ஓவியக் காட்சியகம் உள்ளது. நேரமில்லாதவர்கள் அதை விட்டுவிடலாம்.

அங்கிருந்து வெளியே வந்து கிர்க்க வீதி என்ற தேவாலய வீதியில் நடவுங்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். தரைத்தளம் எங்கும் கடைகள் மாறிவிட்டன. கண்ணாடி யன்னல்களில் எல்லா ஊர்களிலும் விற்கும் அதே சட்டைகள். மேல்மாடிகள்தான் பழைய மாடிகள். ஒரு வீட்டில் கூரான கோபுரம். அடுத்ததில் வெங்காயம் போன்ற குவிமாடம். இன்னொன்றில் வாசலுக்கு மேல் கல்லில் செதுக்கிய இலைகள், முகங்கள். சில இடங்களில் பழைய நோர்வேஜிய மரத் தேவாலயங்களை நினைவூட்டும் நாகத்தலை வடிவங்கள். இவை ஜேர்மனியிலிருந்து வந்தவையல்ல. நோர்வே அப்போது சுவீடனோடு இணைந்திருந்த நாடு. 1905 ஜூன் மாதத்தில்தான் அது பிரிந்து செல்வதாக அறிவித்தது. நகரத்தின் பாதி சாரமரங்களுக்குள் நின்றபோது நாடு தனிநாடாகியது. வெளிநாட்டில் கற்ற பாணியில் தம் பாட்டன்மாரின் நாகங்களையும் சேர்த்துச் செதுக்கியவர்கள் அந்த வேளையில் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இன்னொன்று. இந்த வீடுகள் எல்லாம் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. நகரமையத்தில் இனி மரத்தால் கட்டக்கூடாது என்ற சட்டம் இந்தத் தீயின் விளைவு. அதே ஆண்டு நோர்வேயின் ஏனைய நகரங்களுக்கும் அந்த விதி விரிந்தது. ஒரு சிறு மீன்பிடி நகரத்தின் ஒருநாள் தீ, ஒரு நாட்டின் நகரங்கள் அனைத்தின் தோற்றத்தையும் மாற்றியது. இந்தச் செய்தி சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் ஒரு மூலையிலும் கிடைப்பதில்லை.

பழைய ஓலசுண்ட் எப்படி இருந்தது என்று அறிய விரும்புபவர்கள் மூலியா என்ற கல் அணைக்கட்டுப் பக்கம் போக வேண்டும். தீ தப்பவிட்ட மரக் கட்டடங்கள் சில அங்குள்ளன. 1861 இல் கட்டிய மீன் பண்டகசாலை ஒன்று மீன்பிடி நூதனசாலையாக இருக்கிறது. அணைக்கட்டின் முனையில் 1858 ஆம் ஆண்டின் சிறிய சிவப்பு வெளிச்சவீடு. அதனை இப்போது ஒரு ஹோட்டல் தனது அறைகளில் ஒன்றாக வாடகைக்கு விடுகிறது. வெளிச்சவீட்டில் படுத்துறங்கப் பணம் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். வெளியே நின்று பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

நூதனசாலையில் 'கிளிப்பிஸ்க்' எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காணலாம். கொட் மீனைப் பிளந்து, உப்பிட்டு, கரையோரப் பாறைகளில் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். எங்கள் கரைகளில் கருவாடு போடுவதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இந்த ஊர்க் கருவாடு போர்த்துக்கலுக்கும் பிரேசிலுக்கும் போனது, இன்றும் போகிறது. பதிலுக்கு அங்கிருந்து தக்காளியும் ஒலிவ் எண்ணெயும் சேர்த்த 'பக்கலாவ்' என்ற குழம்பு இங்கே வந்து, ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. உணவகத்தில் கேட்டுச் சாப்பிடலாம். உறைப்பு எங்கள் நாவுக்குப் போதாது. எரிந்த நகரத்தை மீண்டும் வாழவைத்த தொழிலின் வாசனை அந்தத் தட்டில் உண்டு. அந்தக் கோபுரங்கள் நிற்பது மீனின் மேல்தான்.

இதன் பின்னர் குன்றில் ஏறுங்கள். நகரப் பூங்காவிலிருந்து படிகள் தொடங்குகின்றன. முழங்கால் இடந்தராதவர்கள் மறுபக்க வீதியால் வாகனத்திலும் போகலாம். பூங்காவில் ரொல்லோ என்பவரின் சிலை நிற்கிறது. நோர்மண்டியை ஆளத் தொடங்கிய வைக்கிங் தலைவன் இந்தப் பகுதியில் பிறந்தவன் என்பது இவ்வூர்க்காரர் நம்பிக்கை. டென்மார்க்காரர் அவனைத் தம்மவன் என்பர். நோர்மண்டியின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 1911 இல் பிரெஞ்சு நகரான ருவான் அனுப்பிய சிலை அது. கைசருக்குக் கல், ரொல்லோவுக்குச் சிலை. நகரைக் கட்டிய மேசன்மாருக்கு அவர்கள் கட்டிய சுவர்களே மிச்சம்.

மேலே நின்று பார்க்கும்போது கோபுரங்களும் நீரிணையும் தீவுகளும் அதற்கப்பால் பனிபடிந்த மலைகளும் தெரியும். தபாலட்டைகளில் வரும் காட்சி அதுதான். வீதிகளை முதலில் நடந்து பார்த்தவருக்கு எந்தக் கூரை எந்த வீட்டுடையது என்று தெரியும். அது தெரியாமல் மேலேறியவருக்கு எல்லாம் பொம்மை வீடுகள். இதே அக்ஸ்லாவின் அடிவாரத்தில் 2008 மார்ச் மாதத்தில் பாறை சரிந்து ஓர் அடுக்குமாடி வீட்டில் மோதியதில் ஐவர் இறந்தனர். அழகான மலையின் கீழ் வாழ்வதற்கும் ஒரு விலை உண்டென்பதை மேற்கு நோர்வேயில் எல்லோரும் அறிவார்கள்.

ஓலசுண்ட் நூதனசாலையில் நான் தவறவிடக் கூடாது என்று சொல்வது முட்டை வடிவப் படகை. ஒலே புருட என்ற இவ்வூர் மாலுமி, முற்றிலும் மூடிய உயிர்காப்புப் படகொன்றை இரும்பில் செய்தார். எவரும் நம்பவில்லை. தீ விபத்து நடந்த அதே 1904 இல், ஓகஸ்ட் மாதத்தில், மேலும் மூவரை ஏற்றிக்கொண்டு அத்திலாந்திக்கைக் கடக்கப் புறப்பட்டார். சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் உயிர்காப்புப் படகுக்கு அறிவித்திருந்த பரிசே இலக்கு. புயல்களோடு ஐந்து மாதங்கள் போராடி 1905 ஜனவரியில் அமெரிக்காவின் குளொஸ்டர் கரையை அடைந்தபோது கண்காட்சி முடிந்துவிட்டது. பரிசு கிடைக்கவில்லை, நால்வரும் உயிரோடிருந்தார்கள். இன்று எண்ணெய்க் கிணறுகளிலும் கப்பல்களிலும் தொங்கும் மூடிய உயிர்காப்புப் படகுகளைக் காண்பவர்கள் அந்த முட்டையை நினைத்துக்கொள்ளலாம். வீடெரிந்த ஊரிலிருந்து அதே வருடம் இப்படியொரு பயணம் புறப்பட்டிருக்கிறது!

இரண்டாம் நாளில் ஊருக்கு வெளியே போகலாம். கிழக்கே சில கிலோமீற்றர் தூரத்தில், போர்குண்டில், சுன்மோர நூதனசாலை. பழைய மரவீடுகள் ஐம்பதுக்கு மேல் அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டுள்ளன, படகுகளும் உண்டு. மேற்கே கடலோரத்தில் அத்திலாந்திக் கடல் பூங்கா. பிள்ளைகளோடு வருபவர்களுக்கு உகந்தது. 1987 இல் திறந்த கடலடிச் சுரங்கப் பாதைகளின் வழியே வடபுறத்துத் தீவுகளுக்குப் போகலாம். கிஸ்க தீவில் 12 ஆம் நூற்றாண்டில் வெண்சலவைக் கல்லால் கட்டிய சிறு தேவாலயமும் கூடோயா தீவின் ஆல்னெஸ் வெளிச்சவீடும் பார்க்கத் தக்கவை. கண்காட்சியகம் எதுவும் தேவையில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பவர்கள் ஆல்னெசுக்கே போகவேண்டும்.

கெய்ராங்கர் நீள்குடாவுக்கு ஒரேநாளில் போய்வரும் பயணத்தை முகவர்கள் வற்புறுத்தி விற்பார்கள். 2005 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம். அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் ஓலசுண்டில் ஒரேயொரு நாள் உள்ளவர்கள் அந்த நாளை அங்கே கொடுத்துவிட்டால், இந்த நகரம் அவர்களுக்கு ஒரு பஸ் தரிப்பிடம்தான். அங்கே கப்பல் புகை பெரும் பிரச்சினையாகி, மரபுரிமைக் குடாக்களில் சிறிய பயணிகள் கப்பல்களுக்கு 2026 முதலும் பெரியவற்றுக்கு 2032 முதலும் புகையில்லா விதி என்று முடிவாகியிருக்கிறது. நெருக்கடிக்குள்ளாகும் நகரசபைகள் உல்லாசப் பயணிகளிடம் கட்டணம் அறவிடுவதற்கான சட்டத்தையும் நோர்வே நாடாளுமன்றம் 2025 இல் நிறைவேற்றியது. நல்லது என்பேன். சில மணித்தியாலங்களுக்கு வந்து, கப்பலிலேயே சாப்பிட்டு, படிகளை மட்டும் தேய்த்துவிட்டுப் போகிறவர்கள் ஊருக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும்.

இரவு தங்குங்கள். கப்பல்கள் போன பின்னர், கோடையில் நெடுநேரம் வரை வெளிச்சம் மறையாத வேளையில், புரூசுண்டெக் கரையில் கூட்டம் இருக்காது. நீரில் வீடுகளின் நிழல் விழும். குடை கட்டாயம் வேண்டும். இந்தக் கரையில் மழை நாட்பார்த்து வருவதில்லை. மாரியில் போக நினைப்பவர்கள் நூதனசாலைகளின் திறப்பு நேரங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டி யாராவது கைசர் கட்டிய நகரம் என்று ஆரம்பித்தால், அந்த வீட்டை வரைந்தவர் யார் என்று மட்டும் கேளுங்கள். சொல்லக்கூடிய வழிகாட்டியானால் அவரோடு தொடர்ந்து நடக்கலாம்.